பெட்டி நின்ற இரண்டு நாட்கள்

"மிஸ், இடையில பெட்டி நிண்டதோ?"

கௌசல்யா இதைக் கேட்டபோது நான் குழாயடியில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை முழுக்க சவர்க்கார நுரை. யன்னலுக்கு வெளியே, உள்துறைமுகத்தில், கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்று மூன்று நாளாக அசையாமல் நின்றது. நான் அந்தக் கப்பலைப் பார்த்தபடியே பதில் சொன்னேன்.

"இல்லைப் பிள்ளை. மூடியில தாள் இருக்கு, போய்ப் பாருங்கோ."

அவள் போய்ப் பார்த்தாள். டீப் பிரீசர் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த வெப்பநிலைத் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் காலை ஒரு எண், மாலை ஒரு எண், பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்து. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. அவள் விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். பிறகு திரும்பி வந்து, கேட்டதற்காக மன்னிப்புக் கேட்பவள் போலச் சொன்னாள்.

"ஓம் மிஸ். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

இதுவரை இந்தத் தொடரில் நான் எழுதியவற்றைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். போன வாரம் எழுதிய எலிப்பொறிக் கதைக்குத்தான் கூடுதலான கடிதம். இந்த வாரம் அப்படி ஒன்றும் இல்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்ததை மாற்றவில்லை.

பொது அறை

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் பொது ஆய்வுகூடம் ஒரு துறைக்கும் சொந்தமில்லாதது. விலை கூடிய கருவிகளை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக வாங்க ஏலாது என்று, எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் வைத்து, ஒரு முன்பதிவுக் கொப்பியும் போட்டு, பொறுப்பாக என்னை இருத்தினார்கள். தொழில்நுட்ப அலுவலர் என்று கடிதத்தில் இருந்தது. மாணவர்களுக்கு நான் பவானி மிஸ்.

சண்டை எல்லாம் அந்தக் கொப்பியில்தான். செவ்வாய்க்கிழமை காலை யாருடையது என்பதற்காக இரண்டு விரிவுரையாளர்கள் ஒரு தவணை முழுக்க முகம் பார்க்காமல் திரிந்தார்கள். ஒருவர் பென்சிலால் எழுதியதை மற்றவர் அழித்துவிட்டாராம். அன்றிலிருந்து பேனையால் மட்டும் எழுதலாம் என்று சட்டம் வைத்தேன்.

வெளியாட்களும் வருவார்கள். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவர்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்து, குடிக்கலாமா என்று கேட்பார்கள். போத்தலுக்குள் இன்னும் ஒரேஞ்ச் வாசம் இருக்கும். அதைத் திருப்பி அனுப்பி, கழுவிய போத்தல் கொடுத்து, எப்படி எடுக்கவேண்டும் என்று சொல்லி, மறுபடி வரச்செய்ய வேண்டும். கார் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் கேட்டு வந்த வளாக அலுவலர்களின் பட்டியல் தனி.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்திருந்தேன். பார்த்ததை எழுதவேண்டும், பார்த்த உடனே எழுதவேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் நான் சொல்வது அதைத்தான். பிறகு எழுதலாம் என்று கடதாசித் துண்டில் குறித்து வைப்பவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சல்லியிலிருந்து வந்த பெட்டி

கௌசல்யா சல்லிக் கிராமத்துப் பிள்ளை. தகப்பன் அரசரத்தினம் சொந்த வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். அந்த ஊரிலிருந்து முதுதத்துவமாணி ஆய்வுப் படிப்புக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்று நினைக்கிறேன். முதல் நாள் மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஆய்வுகூடத்துக்குள் செருப்போடுதான் வரவேண்டும் என்று நான் சொன்னபோது வெட்கத்தோடு சிரித்தாள்.

அவளுடைய ஆய்வு சூரை மீனைப் பற்றியது. சூரை சில வேளை கடிக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சாப்பிட்டவருக்கு உடம்பு சிவந்து, தடித்து, அரிக்கும். மீன் பிடிபட்ட பிறகு வெக்கையில் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறுவதுதான் காரணம். சமைத்தாலும் அது போகாது. ஊறியபின் உறைய வைத்தாலும் குறையாது. பிடித்த கையோடு ஐஸில் போட்டால் மட்டும் ஊறாது.

கொழும்பிலிருந்து மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் அப்போது சல்லிக்கு வந்து போயிருந்தார். சின்ன வள்ளக்காரர் சரியாக ஐஸ் போடுவதில்லை என்பது அவருடைய நினைப்பு. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் அறிக்கை நல்லதாக வந்தால் நேரடியாகக் கரையிலேயே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அது நடந்தால் இடையில் நிற்கும் தரகர்களிடம் யாரும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

கௌசல்யாவின் ஆய்வும் ஊரின் தேவையும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. விடியக் கரைக்கு வரும் வள்ளங்களிலிருந்து, தகப்பனுடைய வள்ளத்திலிருந்தும், அவளே மீனை எடுத்து, சதையை வெட்டி, சின்னப் பைகளில் போட்டு, பெயர், திகதி, நேரம் எழுதிக் கொண்டுவருவாள். இரண்டு மாதம் அப்படிச் சேர்த்தாள். ஒவ்வொரு பையும் எங்கள் டீப் பிரீசருக்குள் போனது.

உடனே சோதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சோதனைக்கு வேண்டிய இரசாயனப் பொருள் நாட்டில் இல்லை. கப்பல் வரவேண்டும், இறக்குமதிக்கு வங்கி நாணயக் கடிதம் திறக்கவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு பதில். பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் தெருவில் நின்ற காலம் அது.

"பெட்டிக்குள்ள இருந்தா ஒண்டும் ஆகாதுதானே, மிஸ்?" என்று கேட்டாள்.

"நான் இருக்கிறன், பிள்ளை," என்றேன்.

ஒரு பிளக்

அந்த நாட்களில் கரண்ட் ஒரு நாளில் பாதி நேரம் இருக்காது. வளாகத்தில் ஒரு பழைய ஜெனரேட்டர் இருந்தது. அதன் வயர் எங்கள் அறைக்குத் தனியாக வந்து, அதே சுவரின் மற்ற ஓரத்தில் ஒரு பிளக் பொயிண்டில் முடிந்தது. கரண்ட் போனால் பெட்டியின் பிளக்கைக் கழற்றி அதில் மாட்டவேண்டும். கரண்ட் வந்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அப்போது மறுபடி கழற்றிப் பழைய இடத்தில் மாட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் செய்வேன்.

ஒரு வியாழக்கிழமை காலை கரண்ட் போனது. பிளக்கை மாற்றினேன். அடுத்த வீட்டுப் பெண் ரெலிபோன் எடுத்து, நகரத்துக்குக் காஸ் லொறி வருகிறதாம், சிலிண்டரோடு உடனே வா என்றாள். எங்கள் வீட்டில் காஸ் முடிந்து ஒன்பது நாள். கணவர் முதுகு பிடித்துக் கதிரையில் இருந்து எழும்ப முடியாமல் இருந்தார். குசினிக்கு வெளியே கல் வைத்துத் தென்னம்மட்டை எரித்துச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

கொப்பியில் அந்த இரண்டு நாளும் யாரும் பதிந்திருக்கவில்லை; ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று அறையைப் பூட்டிக்கொண்டுதான் போனேன்.

லொறி வரவில்லை. பெயர்களைப் பதிந்துகொண்டு, சிலிண்டர்களைக் கயிற்றால் கோத்து வைத்துவிட்டு, நாளை வாருங்கள் என்றார்கள். பொழுது சரிந்துவிட்டது. பஸ்ஸும் இல்லை. நேரே வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் விடிய மறுபடி வரிசைக்குப் போனேன். வெயிலில் ஒரு வயதான மனிதர் மயங்கி விழுந்தார். அவருக்குத் தண்ணீர் தெளித்தவர்களில் நானும் ஒருத்தி. பின்னேரம் சிலிண்டர் கிடைத்தது. ஓட்டோவில் வைத்துக்கொண்டு வரும்போது பெரிய சாதனை செய்தவள் போல இருந்தது எனக்கு.

இடையில் ஒரு தரம் பெட்டியின் நினைவு வந்தது. கரண்ட் வந்திருக்கும், பெட்டி ஓடும் என்று நினைத்தேன். பிளக் எந்தப் பொயிண்டில் இருக்கிறது என்பதை நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அறையைத் திறந்தபோதே வாசம் சொன்னது. கரண்ட் இருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. பெட்டியின் பிளக் மட்டும் ஜெனரேட்டர் பொயிண்டில், வியாழக்கிழமை நான் மாட்டியபடியே இருந்தது. ஜெனரேட்டர் ஓடியது வியாழன் காலை கொஞ்ச நேரம்தான். டீசல் முடிந்துவிட்டதாம், பிறகு அதை யாரும் இயக்கவே இல்லை.

மூடியைத் தூக்கினேன். கௌசல்யாவின் பைகள் எல்லாம் தளர்ந்து, சிவந்த தண்ணீரில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒரு பையைக் கையில் எடுத்தேன். குளிர் கொஞ்சமும் இல்லை. அவளுடைய அழகான சின்ன எழுத்து, நேரம், திகதி, தகப்பனின் வள்ளத்து இலக்கம், ஒன்றும் அழியவில்லை.

நான் எழுதிய எண்கள்

அந்த நேரத்தில் நான் செய்யவேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மாதிரிகள் கெட்டுவிட்டன என்று பதிந்து, அவளை அழைத்துச் சொல்லி, எல்லாவற்றையும் எறியவேண்டும். இரண்டு மாதம் போகும். அழுவாள். பிறகு மறுபடி சேர்ப்பாள். அதோடு முடிந்திருக்கும்.

நான் பிளக்கை மாற்றி மாட்டினேன். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன். பைகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். கடைசியில் அலுமாரியிலிருந்து பேனையை எடுத்து, தாளில் வெறுமையாக இருந்த கட்டங்களில், மற்ற நாட்களில் எழுதுவது போலவே எண்களை எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன்.

ஏன் என்று பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். வேலை நேரத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்றது வெளியே வரும் என்ற பயம் இருந்தது. அந்த மாதம்தான் ஆய்வுகூடத்துக்குத் தரச் சான்றிதழ் கொடுப்பதற்கு ஆட்கள் பார்க்க வர இருந்தார்கள். ஆனால் உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. பவானி மிஸ் பிழை விட்டவள் என்று ஒரு மாணவி அறிவதை என்னால் தாங்க முடியவில்லை.

பின்னேரம் பைகள் மறுபடி கல்லாகிவிட்டன. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

அனுப்புங்கோ மிஸ்

ஐந்து கிழமை கழித்து இரசாயனப் பொருள் வந்தது. முன்பதிவுக் கொப்பியில் கௌசல்யாவுக்கு முழுதாக ஒரு கிழமை கொடுத்தேன். என் மனச்சாட்சிக்கு அது ஒரு லஞ்சம்.

எல்லா மாதிரிகளிலும் ஹிஸ்டமின் அனுமதித்த எல்லைக்கு மேலே இருந்தது. வள்ளம் கரைக்கு வந்த அதே நிமிடத்தில் எடுத்தவையும் அப்படித்தான். அவள் நம்பாமல் மறுபடி செய்தாள், கருவியைச் சரிபார்த்தாள், கரைசலைப் புதிதாகக் கலந்தாள். மூன்றாம் நாள்தான் குழாயடியில் நின்ற என்னிடம் வந்து, பெட்டி நின்றதா என்று கேட்டாள்.

நான் சொன்ன பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

தாளைப் பார்த்துவிட்டு வந்தவள் நெடுநேரம் ஸ்டூலில் இருந்தாள். பிறகு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். கரண்ட் இல்லாததால் ஐஸ் செய்யும் தொழிற்சாலைகளும் ஒழுங்காக ஓடாத காலம். வள்ளக்காரருக்கு ஐஸ் கிடைத்திருக்காது. கிடைத்தது, போட்டோம் என்று தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும். அப்பாவும்.

"அப்பா அப்பிடிச் செய்வார் எண்டு நான் நினைக்கேல்லை, மிஸ்," என்றாள்.

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அந்த ஏற்றுமதிக்காரருக்கு அறிக்கை அனுப்புவதா விடுவதா என்பது அவள் கையில்தான் இருந்தது. முடிவு சரியாக வரவில்லை என்று விட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நானே சொன்னேன். அப்படியாவது தப்பலாம் என்று எனக்கு ஆசை.

அவள் தலையை ஆட்டினாள். "சாப்பிடுற ஆக்கள் இருக்கினம், மிஸ். அனுப்புங்கோ."

இருபத்தாறு வயது இருக்கும் அவளுக்கு. சொந்த ஊரின் வாயில் மண் விழும் என்று தெரிந்தும், உண்மை என்று நம்பியதை மறைக்க அவளால் முடியவில்லை. அறிக்கையில் நான் கையெழுத்து வைத்தேன். ஆய்வுகூடத்தின் முத்திரையையும் குத்தினேன்.

ஏற்றுமதிக்காரர் பிறகு சல்லிப் பக்கம் வரவில்லை. வேறு இடத்தில் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஊரில் என்ன கதைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. படிக்க அனுப்பிய பெட்டை ஊரின் மீனை நஞ்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். வீட்டில் அவளுக்கும் தகப்பனுக்கும் கதை நின்றது. ஐஸ் போட்டேன் என்று அவர் சொல்ல, பொய் என்று இவள் சொல்ல, அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அரசரத்தினம் வந்த நாள்

ஒரு நாள் பதினொரு மணி போல அரசரத்தினம் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அதற்குமுன் நான் அவரைக் கண்டதில்லை. வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்து, பிளாஸ்டிக் பையில் ஐஸுக்குள் ஒரு சூரையைக் கொண்டுவந்திருந்தார். கண் இன்னும் கண்ணாடி போலப் பளபளத்தது.

"இதை இப்ப என்ர கண்ணுக்கு முன்னால சோதிச்சுச் சொல்லுங்கோ, மிஸ். நான் எப்பவும் இப்பிடித்தான் கொண்டுவாறனான்."

இரசாயனப் பொருள் இரண்டு சோதனைக்குப் போதுமான அளவு போத்தலில் இருந்தது. முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

அவர் பையின் வாயை மடித்துக் கட்டினார். மகள் நன்றாகச் செய்கிற பிள்ளையா என்று கேட்டார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி என்றேன். "ஓம், அதுதான். அவள் பிழையாச் செய்யமாட்டாள்," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். மகளையும் நம்பினார், தன் கையையும் நம்பினார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது அவருக்குப் புரியவில்லை.

போகும்போது பையை மேசையில் வைத்தார். "திருப்பிக் கொண்டுபோனா கெட்டுப்போகும். வீட்ட கொண்டுபோய்ச் சமையுங்கோ."

கொண்டுபோனேன். எறிய மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. கடைசியில் காஸ் அடுப்பில் குழம்பு வைத்தேன். கணவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். அவருக்குச் சூரை என்றால் அடிக்கடி உடம்பு தடிக்கும். அன்று ஒன்றும் ஆகவில்லை.

விடைபெறும் கூட்டம்

அடுத்த தவணை கௌசல்யா படிப்பை விட்டாள். மேற்பார்வை செய்த விரிவுரையாளர் வேறு தலைப்புத் தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. கிளிவெட்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டாள். சல்லிக்கு வருஷத்தில் ஒரு தரம், முத்துமாரியம்மன் பொங்கலுக்கு மட்டும் போவதாகச் சொன்னார்கள்.

நான் வேலையைத் தொடர்ந்தேன். தரச் சான்றிதழ் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள்.

ஓய்வு பெற்றபோது ஒரு கூட்டம் வைத்து, மாலை போட்டு, பேசினார்கள். பீடத்து இளம் விரிவுரையாளர் ஒருவர், நல்ல மனதோடு, பவானி மிஸ்ஸின் பதிவேடுகளில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருந்ததில்லை என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி வைத்தேன். அன்று பின்னேரமே கதிரையில் இருந்து கடிதம் எழுதத் தொடங்கினேன்.

பீடாதிபதிக்கு எழுதினேன். நடந்ததை நாள்வாரியாக, ஒன்றும் விடாமல். விசாரிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். அறிக்கையை மீளப் பெற்றார்கள். ஏற்றுமதிக்காரருக்கும் எழுதினார்கள், பதில் வரவில்லை. என்னோடு வேலை செய்த சிலர் தெருவில் கண்டால் இப்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள். அது சரிதான்.

முதலில் கௌசல்யாவிடம் போயிருக்கவேண்டும். கடதாசியில் எழுதுவது முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது.

கிளிவெட்டி

பாடசாலை இடைவேளை மணி அடித்த நேரம் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வயலில் அறுவடை முடிந்து மாடுகள் மேய்ந்தன. கௌசல்யா என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். மெலிந்திருந்தாள். விஞ்ஞான அறைக்குள் கூட்டிப்போய், கதிரையைத் துணியால் துடைத்து இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி எடுத்துவர எழும்பியவளை நான்தான் நிறுத்தினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு அதைச் சொல்ல ஏலாது.

சொன்னேன். வியாழக்கிழமை, பிளக், வரிசை, சனிக்கிழமை, தாள். அறிக்கையை மீளப் பெற்ற கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தேன்.

அவள் கடிதத்தை முழுதாக வாசித்தாள். மாணவியாக இருந்தபோது வாசிப்பது போலவே, விரலை வைத்து, வரிவரியாக.

"முதல்ல ஒபிசுக்கோ சொன்னனீங்கள்?"

"ஓம், பிள்ளை."

வெளியே பிள்ளைகள் பந்தடித்து விளையாடினார்கள். அவள் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"உங்களில எனக்குக் கோவம் வரும், மிஸ். இப்ப வரேல்லை, பிறகு வரும்," என்றாள். "அப்பா பொய் சொன்னவர் எண்டு நான் அவரை மன்னிச்சு வைச்சிருந்தனான். போன பொங்கலுக்குப் போய், அவருக்கு முன்னால நிண்டு, சரி அப்பா, நான் மன்னிச்சிட்டன் எண்டு சொன்னனான்."

அவள் கடிதத்தின் மடிப்பை நகத்தால் அழுத்தினாள்.

"அவர் மறுத்து ஒண்டும் சொல்லேல்லை. சரி மகள் எண்டவர்."

அதிபரிடம் போய் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு வந்தாள். கைப்பையை எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "அதை இப்ப சொல்லாதேங்கோ."

ஒரே பஸ்

நகரத்துக்கு அந்த நேரத்தில் இருந்தது மட்டக்களப்பிலிருந்து வரும் ஒரு பஸ்தான். அவளும் ஏறினாள், நானும் ஏறினேன். அவள் முன்னால், நான் மூன்று வரிசை பின்னால். மூதூர் கடந்து, பாலங்கள் கடந்து, கிண்ணியா கடந்து, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கிண்ணியாப் பாலத்தில் அவள் ரெலிபோன் எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலால் கேட்கவேண்டும் என்று சத்தமாகத்தான் கதைத்தாள்.

"அப்பா, நான் வாறன். இல்லை, ஒண்டுமில்லை. சுகமாத்தான் இருக்கிறன். நீங்கள் எங்கயும் போகாதேங்கோ, வீட்டில நில்லுங்கோ."

நகரத்தில் இறங்கி நிலாவெளி பஸ்ஸுக்கு மாறவேண்டும். அவளுக்கும் அதுதான் வழி, எனக்கும் அதுதான் வழி. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்று ஒதுங்கினேன். அவள் ஏறி, நான் ஏறாததைக் கண்டு, நடத்துனரிடம் ஏதோ சொன்னாள். அவர் எட்டிப் பார்த்து, "ஏறுங்கோ அம்மா, இடம் இருக்கு," என்றார். ஏறினேன்.

இந்த முறை இருந்த ஒரே இடம் அவளுக்குப் பக்கத்தில். யன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். கடிதம் மடியில் இருந்தது, அதன்மேல் இரண்டு கையும். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

எனக்குக் கண் மங்கலாக இருந்ததால் எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. அவள்தான் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மிஸ், உங்கட இடம் வந்திட்டு."

இறங்கினேன். பஸ் சல்லிப் பக்கம் போனது.

அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. நானும் அவளைத் தேடிப் போகவில்லை. கிளிவெட்டிப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒருவர் வேறு ஏதோ பேச்சில், கௌசல்யா ரீச்சர் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சல்லிக்குப் போகிறா என்று சொன்னார். என்னிடம் சொல்லவேண்டும் என்று யாரும் சொன்ன செய்தி அல்ல அது. காதில் விழுந்தது, வைத்திருக்கிறேன்.